கரைமேட்டில் ஒரு குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சுந்தரவனக் காட்டோரம் எங்கள் ஊரில், பட்டப்பகலில் நான் கண்ணால் கண்டது இது.

எங்கள் ஆண்கள் தேனெடுக்கக் காட்டுக்குள் போனால், திரும்பி வரும்வரை நாங்கள் விதவைக் கோலத்தில் இருப்போம். தலை சீவ மாட்டோம். வகிட்டில் குங்குமம், கையில் சங்கு வளையல் கிடையாது. புருஷன் ஆற்றங்கரை மேட்டிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அவற்றைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே போவோம்.

அந்தச் சித்திரையில் என் புருஷன் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாத்தனார் புதுல் சீண்டினாள்.

"அண்ணி, உன் தலையில காக்கா கூடு கட்டிரும் போல. அண்ணனுக்கு அடையாளமே தெரியாது."

"அவரு தாடியைப் பாத்து நீ ஓடாம இருந்தா சரிடி."

சிரித்துக்கொண்டே அவள் குளத்துக்குப் போனாள்.

உச்சி வெயில். நாய் திடீரென்று வாலை ஒடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்தது...

"ஏய்..."

அவர் குரல்! மேட்டில் நின்றிருந்தார். தேனும் புகையும் கலந்த வாசனை முற்றம்வரை வந்தது.

"வந்துட்டீங்களா! இருங்க, இதோ வரேன்..."

உள்ளே ஓடிக் குங்குமச் சிமிழைத் திறந்தேன்.

"வேணாம்."

அவர் குரல் என் காதருகே கேட்டது. திரும்பினேன். யாருமில்லை. வாசல் வழியே பார்த்தால், அவர் மேட்டிலேயேதான் நின்றார்.

"ஏங்க? உள்ள வாங்க..."

"வைக்காத. அப்படியே இரு."

ஆற்றில் படகு இல்லை. கூடப் போன யாரும் இல்லை.

அவர் போனார்... என்னைப் பார்த்தபடியே, பின்னோக்கி நடந்து.

முதுகைக் காட்டவே இல்லை.

சிமிழை மூடினேன்.

மறுநாள் படகு வந்தது. படகுத் தலைவர் ஹரிபதா என் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார்.

"நேத்து உச்சி வெயில்லம்மா. புலி பின்னாலருந்து பாஞ்சிருச்சு."

துணியில் சுற்றி இறக்கினார்கள்.

"முகம் அப்படியே இருக்கு. முகத்தை மட்டும் பாரு தாயி. திருப்பிப் பாக்காத."

நான் திருப்பவில்லை. அவர் காட்ட விரும்பாததை நான் ஏன் பார்க்க வேண்டும்?

படகைக் கண்டதும் நான் போட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்து, குங்குமத்தை அழிக்க, வளையலைக் கல்லில் உடைக்க, வழக்கப்படி பெண்கள் என்னைக் கரைக்கு அழைத்துப் போனார்கள். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர்களே கதறினார்கள்.

அழிக்கவும் உடைக்கவும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.