மெர்சியோடு கண்ணாமூச்சி

மாம்பழப் பெட்டியைத் திறந்ததும் வைக்கோல் வாசனை அடித்தது. உடனே மெர்சியின் மேல் ஐம்பது வருடத்துக் கோபம் வந்துவிட்டது. இன்று கம்பெனிச் சுவருக்குள் போய்விட்ட பிள்ளைப்பாக்கத்துக் களத்துக்கு, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இஸ்திரி போட்ட கவுனோடு விளையாட வருவாள்.

"கவுன் அழுக்காவும், நீயே தேடுடி" என்பாள். நானும் நூறு எண்ணிவிட்டு, ஒவ்வொரு வைக்கோல் போரிலும் கைவிட்டுத் துழாவி, சுணையில் கழுத்தெல்லாம் அரிக்க, சொறிந்துகொண்டே தேடுவேன். கடைசியில் விரலெல்லாம் மஞ்சளாகத் தெருப்பக்கமிருந்து வருவாள்.

"எங்கடி போன?"

"கறி வெந்துச்சினு அம்மா கூப்ட்டாங்க, துன்னுட்டு வரேன். நீ தேடிக்கினுதான இருந்த? ஆட்டம் எங்க நின்னுச்சு?"

அடுத்த ஞாயிறு சண்டை போட்டு அவளைத் தேட வைத்தேன். தேடட்டும் என்று, ஒளியாமல், களத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் அவள் வீட்டு வாசலில் மெர்சி உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டு.

"இவ்ளோ நேரமா வர்றதுக்கு? குந்து, ஆறிப்பூடும்."

உட்கார்ந்து தின்றேனே, அதுதான் என் தப்பு. அதற்குப் பிறகு அவளோடு ஒரு சண்டையையும் என்னால் ஒழுங்காகப் போட முடியவில்லை.