இருபதாவது கையெழுத்து

நான் மருத்துவர். சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய, பயிற்சியோடு கூடிய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. இருபது பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும். பத்தொன்பது பேர்தான் தேறியிருந்தார்கள்.

மதியம் தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் துரைசாமி ஐயா வீட்டுக்கு ஓடினேன். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தவர் ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையெழுத்து போட்டா இவருக்கு வைத்தியம் பண்ணுவீங்களா?” என்று அவர் மனைவி கேட்டார்.

ஆராய்ச்சியில் வைத்தியம் கிடையாது. ஆனாலும், “பண்ணுவோம்மா” என்றேன்.

ஐயா உடனே கையெழுத்திட்டார். மூச்சை அளக்கும் கருவியின் குழாயில் இருமி இருமி மூன்று முறை ஊதினார்.

தெருமுனைக்கு வந்தபோது மணி நான்கு. அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பிப் போய், “வைத்தியம் கிடையாதுங்க. பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டார். ஐயா படிவத்துக்காகக் கையை நீட்டினார்.

“இன்னா டாக்டரம்மா, மொதல்லயே சொல்லியிருந்தா சும்மாவே ஊதியிருப்பேனே. இப்போ வேணாம். அத்த குடுத்துட்டுப் போங்க.”

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த விண்ணப்பம் தேறவில்லை. அடுத்த வருடம்தான் உதவித்தொகை கிடைத்தது. இப்போது யாரிடம் படிவத்தை நீட்டினாலும், வைத்தியம் கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். துரைசாமி ஐயா வீட்டுப் பக்கம் போக மட்டும் இன்னும் துணிவு வரவில்லை.