மாட்டுத் திடலுக்குச் சோலர் பூட்டிய காலம்

சோலர் பூட்டுகிறவர்களிடம் எல்லாரும் கேட்பது மழை நாளில் என்ன செய்வீர்கள் என்றுதான். நாங்கள் பயப்படுவதோ வெயில் நாளில் வருகிற முறைப்பாட்டுக்கு. பற்றறி அசிற் தெறித்துச் சட்டையில் ஓட்டை விழுந்தவர்களுக்கும், நேற்றுத் திருத்தியது இன்றைக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் நான் சொல்லப்போவது விளங்கும்.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த காலத்தில் கிளிநொச்சியில் இந்த வேலையைப் பழகினேன். வன்னியில் ஆம்பிளைகள் குறைந்துபோயிருந்தார்கள். அதனால் எங்களைப் போன்ற பொம்பிளைகளையும் கூப்பிட்டுப் பழக்கினார்கள். பிறகு முல்லைத்தீவுச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டேன். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கதை மாட்டுத் திடலில்தான் போய் நிற்கிறது. அது கடலை ஒட்டிய களப்புக்குள் இருக்கிற ஒரு மணல் திட்டி. கோடையில் களப்பு வற்றினால் சேற்றில் இறங்கி நடந்து போகலாம். மாரியில் தோணிதான். சில குடும்பங்கள், அவர்களைவிடப் பல மடங்கு மாடுகள், கொஞ்சம் எருமைகள். கரண்ட் கம்பி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

முதல் லைற்

ஒரு உதவி நிறுவனம் திடலுக்கு இரண்டு சோலர் தட்டும் இரண்டு பற்றறியும் கொடுத்தது. பூட்டுகிற வேலை எனக்கு வந்தது. திடலில் பெரிய பட்டி குணமணி அக்காவுடையது. புருசன் செத்தபிறகு மாடுகளை அவாதான் பார்த்தா. கதைப்பது குறைவு, ஆனால் அவா ஒன்று சொன்னால் மற்றவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். முதல் லைற் அவாவின் வீட்டுக்குத்தான் என்று நானே முடிவெடுத்து, ஏணியைக் கொண்டுபோய் அவாவின் கூரையில் சாத்தினேன்.

அவா ஏணியை எடுக்கச் சொல்லிவிட்டு என்னைக் கன்றுகள் அடைக்கிற கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. வேலி ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. நரி. அந்த மாரிக்குள் எத்தனையோ கன்று போய்விட்டதாம். லைற்றை இங்கே பூட்டு என்றா. சமைக்கிற குசினியில் ஒரு குப்பி விளக்கு மட்டும் இருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். பிள்ளைகள் இருக்கிற வீடு, முதல் வீட்டுக்குப் பூட்டுவோம், கூட்டுக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். அவா பிய்ந்த வேலியைக் கையால் சேர்த்துப் பிடித்தபடி சொன்னா:

"நாங்கள் இருட்டிலை சாப்பிட்டுப் பழகினனாங்கள், பிள்ளை. கன்றுகள் பழகேல்லை."

கரையில் எரிந்தது

இரண்டாவது லைற் செல்வராசா அண்ணை வீட்டுக்குப் போனது. அவர் குணமணி அக்காவின் மச்சான். திடலின் தோணியை ஓட்டுகிறவரும் அவர்தான். நல்ல பற்றறி, வருசக்கணக்கில் பாவிக்கலாம். அடுத்த மழை தொடங்க முதலே அது செத்துவிட்டதென்று ஆள் வந்தது.

போய்ப் பார்த்தேன். பற்றறி மிச்சம் மீதியில்லாமல் வடிந்திருந்தது. அப்படி வடியக்கூடாதென்றுதான் நடுவில் ஒரு சின்னப் பெட்டி பூட்டுவோம். பற்றறி இறங்கினால் அது லைற்றை நிற்பாட்டிவிடும். அந்தப் பெட்டியின் வயர்களைக் கழற்றி யாரோ நேராக முடிந்திருந்தார்கள். லைற்றும் வீட்டுக்குள் இல்லை. தோணி கட்டுகிற இடத்தில் ஒரு கம்பத்தில் தொங்கியது. அவருடைய மனிசி தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னா. முந்திய சண்டையில் காணாமல் போன மகன் பாதை திறந்ததால் வரக்கூடும். வந்தால் அக்கரையில் நின்று திடலைப் பார்ப்பான். பெட்டி விடியப்புறம் லைற்றை நிற்பாட்டியதால் மனிசன் அதைக் கழற்றிவிட்டார்.

பற்றறியின் கதையைச் செல்வராசா அண்ணைக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். நான் பழைய பற்றறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, பெரிய லைற்றைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்குப் போடுகிற சின்ன பல்ப் ஒன்றைக் கம்பத்தில் பூட்டினேன். அது விடியும்வரை தாங்கும். இனிமேல் வயரில் கைவைக்க வேண்டாம் என்று சொன்னபோதுதான் அவர் வாயைத் திறந்தார்:

"பற்றறி செத்தா நீ இன்னொண்டு கொண்டு வருவாய். அவன் வந்து, இருட்டைக் கண்டு திரும்பிப் போனா, ஆர் கொண்டு வாறது?"

காற்றாடியும் தயிரும்

திடல் பாலை வாங்குகிறவர் ரவூப் நானா. முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டுப் போகச் சொன்ன காலத்தில் குடும்பத்தோடு புத்தளம் போய் அங்கே முகாமில் இருந்து, பாதை திறந்தபிறகு தன் ஊரைத் தேடி வந்தவர். மாரியில் தோணி பிந்தினால் பால் திரைந்துபோகும். வாளி வாளியாகக் களப்பில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பாலைக் குளிர்ப்பெட்டியில் வைப்போம் என்று எல்லாருமாக யோசித்தோம். மாரி வானத்துக்குச் சோலர் கரண்ட் போதுமான அளவுக்குக் காணாது. ஆனால் காற்று நிற்காது. கிளிநொச்சியில் லொறி ரைனமோவை வைத்துக் காற்றாடி செய்கிறவர்கள் இருந்தார்கள். ஒன்றைத் தோணியில் ஏற்றி வந்து நிறுத்தினோம்.

காற்றாடி நன்றாகச் சுற்றியது. அந்த இரைச்சலுக்கு மாடுகள் பழகவில்லை. கறக்கப் போனால் உதைத்தன, பாலை அடக்கின. இரண்டு பசு கட்டின கட்டையையும் இழுத்துக்கொண்டு களப்புக்குள் இறங்கிவிட்டன. காற்றாடியைத் திடலின் மற்ற முனைக்கு மாற்றினோம். வயர் நீண்டதால் குளிர்ப்பெட்டிக்கு வந்து சேர்ந்த கரண்ட் மோட்டரை முனக வைக்க மட்டும் போதுமாயிருந்தது. பிறகு உப்புக் காற்று ரைனமோவைத் தின்றது.

கழற்றுகிற நாளில் ரவூப் நானாவும் வந்து கயிறு பிடித்தார். அவர் சட்டிகள் கொண்டுவந்திருந்தார். புத்தளத்தில் இருந்த காலத்தில் அவரும் மனிசியும் தயிர் போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்களாம். திரையப்போகிற பாலை முதலே காய்ச்சி உறை ஊற்றச் சொன்னார். அந்த மாரியில் திடல் பால் களப்பில் ஊற்றப்படவில்லை. தயிர்ச் சட்டிகளை ஓலைக்குள் அடுக்கிக்கொண்டு போகும்போது அவர் சொன்னது:

"கரண்டைப் பற்றறியிலை சேர்த்து வைக்க நீங்கள் படுற பாட்டை நான் குறை சொல்லேல்லை, தங்கச்சி. பாலைச் சேர்த்து வைக்கச் சட்டி காணும்."

உப்புத் தண்ணீர்

திடலில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. டீசல் மோட்டரால் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அதனால் ஒரு கோடையில் சின்னச் சோலர் பம்ப் ஒன்று பூட்டினோம். பற்றறி இல்லை. வெயில் பட்டால் மெல்ல ஓடும், வெயில் போனால் நிற்கும். தண்ணீர் மேடையில் இருக்கிற தாங்கியில் நிறைந்து, அங்கேயிருந்து மாட்டுத் தொட்டிக்கு வரும். கரண்டுக்குப் பதிலாகத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற வழி அது.

அந்த வருசக் கடைசியில்தான் கடல் வந்தது. நான் புதுக்குடியிருப்பில் அக்கா வீட்டில் இருந்ததால் தப்பினேன். என் கடை இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. கடற்கரையைத் தாண்டி வந்த தண்ணீர் களப்பை நிறைத்துத் திடலுக்கு மேலாலும் போனது. பற்றறிகள் ஊறிப்போயின. மாடுகளில் நீந்தித் தப்பியவை திரும்பி வந்து உப்பேறிய தொட்டியைச் சுற்றி நின்றன. குணமணி அக்காவின் தங்கச்சி அன்றைக்குக் காலையில் முல்லைத்தீவுக்குப் போயிருந்தா. கிடைக்கவேயில்லை.

கிணறு முழுக்கக் கடல். கம்பத்தில் உயரமாய் இருந்ததால் சோலர் தட்டு தப்பியிருந்தது. பம்பைக் கழற்றிச் சேறு கழுவி, செல்வராசா அண்ணையும் நானும் திரும்ப இறக்கினோம். இறைப்பதும் வெளியே ஊற்றுவதும், ஊறவிட்டுத் திரும்ப இறைப்பதுமாய் நாட்கள் போயின. இடையில் நல்ல மழையும் பெய்தது. குணமணி அக்கா எதிலும் சேராமல் கிணற்றுக் கட்டில் இருந்தா. சாப்பிடவும் இல்லை, ஒருத்தரோடும் கதைக்கவும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் ஒரு வாளியை ஒரு பசுவுக்கு முன்னால் வைப்போம். அது மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பும். ஒருநாள் அது தலையைத் திருப்பவில்லை. வாளி வெறுமையாகிற சத்தம் கேட்டு அவா எழும்பினா. தங்கச்சி போனபிறகு அவா வாயிலிருந்து நான் கேட்ட முதல் கதை அதுதான்:

"அது குடிச்சிட்டுது. இனி எல்லாருக்கும் தேத்தண்ணி வைப்பம்."

கூட்டு லைற்

திரும்பச் சண்டை தொடங்கியதும் பாதை மூடியது. ரவூப் நானா வவுனியாவுக்குப் போய்விட்டார். பற்றறி வருவது நின்றது. அசிற் இல்லை. செத்த பற்றறிகளை உடைத்து நல்ல தகடுகளைப் பொறுக்கி ஒன்றாக்கிப் பூட்டினோம். அப்போது ஒரு ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லாத நேரத்தில் சத்திர சிகிச்சைக்கு வெளிச்சம் வேண்டும், சனத்திடம் பற்றறி சேர்த்துத் தா என்று என்னைக் கேட்டார்கள்.

திடலில் நல்ல நிலையில் இருந்தது கன்றுக் கூட்டுக்கு, கடல் வந்ததற்குப் பிறகு கொடுத்த பற்றறி மட்டும்தான். கேட்க வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண்டதை மட்டும் குணமணி அக்காவுக்குச் சொன்னேன். அவா எழும்பிப் போய்த் தானே வயரைக் கழற்றிப் பற்றறியைத் தோணியில் கொண்டுவந்து வைத்தா. கெதியாகத் திருப்பித் தருவேன் என்று சொன்னேன். அது முடியவில்லை. அடுத்த முறை நான் போனபோது கூட்டில் நரி புகுந்திருந்தது. இரத்தம் காய்ந்த மணலை அவா மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தா.

ஆஸ்பத்திரியில் லைற் எரிந்ததா என்று கேட்டா. எரிந்தது என்றேன். அதன் வெளிச்சத்தில் ஒரு தாய்க்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்ததையும், இரண்டு உயிரும் தப்பியதையும் சொன்னேன். பொடியனோ பெட்டையோ என்று கேட்டா. பெட்டை என்றேன். அவா மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டுச் சொன்னா:

"கன்று போனது எனக்குச் சரியான கவலைதான். ஆனா நீ அதுக்காகத் தலை குனிஞ்சு நிக்காதை."

கழற்றாமல் விட்ட தட்டு

கடைசியில் திடல் சனமும் எழும்பிப் போக வேண்டி வந்தது. அக்கரையில் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. மாரி வெள்ளத்தில் மாடுகளைத் தோணியில் ஏற்ற முடியாது. நீந்தவைத்துக் கூட்டிப் போனாலும் சனம் நிரம்பிய றோட்டில் எங்கே கட்டுவது? நான் சோலர் தட்டுகளைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். பங்கருக்கு வெளிச்சம், றேடியோவுக்குக் கரண்ட் என்று அந்த நாட்களில் ஒரு தட்டுக்கு இருந்த மதிப்பு வேறு எந்தச் சாமானுக்கும் இல்லை.

குணமணி அக்கா கத்தியோடு பட்டிக்குள் போய் ஒவ்வொரு மாடாகக் கழுத்துக் கயிற்றை அறுத்தா. பற்றையில் கயிறு சிக்கினால் அவிழ்த்துவிட ஆளில்லை என்பதால் ஒரு முழம்கூட மிச்சம் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி அறுத்தா. மற்றத் தட்டுகளைக் கழற்றி முடித்து நான் கிணற்றடிக்குப் போனேன். பம்பை ஓட்டுகிற தட்டுத்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஸ்பனரைப் போட்டபோது செல்வராசா அண்ணை வந்து ஆணிக்கு மேல் கையை வைத்தார்.

கழற்றினால் பங்கரில் எத்தனை பேருக்கு உதவும் என்று அவருக்கும் தெரியும். அவருடைய வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். சுற்றிவரக் களப்பில் உப்புத் தண்ணீர். மாடுகளுக்கு அந்தத் தொட்டியை விட்டால் குடிக்க வேறு இடமில்லை. தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் ஸ்பனரை ஆணியிலிருந்து எடுத்தேன். அவர் கையை எடுக்காமல் சொன்னார்:

"இதை விடு, பிள்ளை. மனிசர் இல்லாமல் ஓடுற சாமான் எங்களிட்டை இது ஒண்டுதான் இருக்கு."

வேலிக்குள் வெளிச்சம்

குணமணி அக்காவை நான் திரும்பக் கண்டது, சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில். செல்வராசா அண்ணை வந்து சேரவில்லை. வழியில், மனிசிக்குத் தண்ணீர் தேடிப் போன இடத்தில் என்று மட்டும் சொன்னா. மாடுகள் என்னவானதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ரவூப் நானா மட்டும் ஒருநாள் கம்பி வேலிக்கு வெளியே நின்று எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு சட்டி தயிர் கொடுத்துவிட்டுப் போனார்.

முகாமின் வேலி நீளத்துக்கும் பெரிய பெரிய லைற்றுகள். பொழுது பட்டதிலிருந்து விடியும்வரை எரியும், அணைத்து நூர்க்க ஒருத்தரும் இல்லை. கூடாரத் துணிக்குள்ளாலும் வெளிச்சம் வரும். பிள்ளைகள் நித்திரையில்லாமல் சிணுங்குவார்கள். இவ்வளவு வெளிச்சத்தை நான் என் தொழிலில் கண்டதேயில்லை. ஒருநாள் இரவு தண்ணீர் வரிசை நகரும்வரை குணமணி அக்கா அந்தக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல் கேட்டா:

"லைற் பூட்டப் பழகினனியெல்லோ, பிள்ளை. இதை நூர்க்கிறதுக்கு உங்களுக்கு ஒண்டும் பழக்கேல்லையோ?"

இந்தத் தொழிலில் நான் கண்டதைக் கேட்டால், பற்றறிக்கு எத்தனை வருசமென்றாலும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கலாம், அதை வாங்கின ஆளுக்குத்தான் ஒரு வாரத்துக்கும் கொடுக்க முடியாது.