ஒத்துப்போகாத நீலம்

கடையில் எல்லோரும் அவளைக் கலரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் கிடங்கில் பெயிண்ட் டப்பா சுமந்த பிறகுதான், நிறம் கலக்கும் இயந்திரத்தின் முன்னால் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டாள். கண் மட்டும் எதையும் விடாது. இயந்திரம் சொல்லும் அளவுக்கு மேல் ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று தானாகச் சேர்ப்பாள். அதைக் கணினியில் ஏற்றினால் பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும்.

அன்று காலை ஒரு பெயிண்டர், முன்பு வாங்கிய அதே நீலத்தில் இரண்டாவது வாளி கேட்டு வந்தார். கணினியில் அவர் பெயரைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மூன்று மாதத்து நிறங்களில் ஒன்றுகூட இல்லை. மென்பொருளைப் புதுப்பித்த நாளிலிருந்து அது எதையுமே எழுதி வைக்கவில்லை. பச்சை எழுத்தை மட்டும் தவறாமல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“மூணு சுவர் முடிஞ்சு, நாலாவது பாதியில நிக்குதும்மா. சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்துருவாங்க.”

முதலாளி இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “நிறம் ஒத்துப்போகலன்னா நாளைலேருந்து மறுபடி கிடங்குதான்.”

பெயிண்டரின் முழங்கையில் நீலத் திட்டு ஒன்று காய்ந்திருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

“வேணும்னா கையக் கழட்டிக் குடுத்துட்டுப் போகவா?” என்றார் அவர்.

அவள் கண்ணை மூடினாள். அந்த நீலம் கலந்த அன்று மழை. கதவில் ஈர வெளிச்சம். வாளிக்குள் நிறம் சுழன்று சுழன்று தன்னையே விழுங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு ஒரு சொட்டா, இரண்டா? கை தானாக நகர்ந்தது. அட்டையில் தடவி, ஊதிக் காயவைத்து, முழங்கைப் பக்கத்தில் பிடித்தாள். நான்காவது அட்டை ஏறக்குறைய அதோடு கரைந்தது. ஏறக்குறையதான்.

“பாதியில ஒட்டுப் போடாதீங்கண்ணே. மூலையிலேருந்து அந்தச் சுவர் முழுக்க இதையே அடிங்க. மூலை திரும்புனா வெளிச்சமும் மாறும்.”

சாயங்காலம் மனசு கேட்காமல் அந்த வீட்டுக்கே போய்விட்டாள். காலி அறையில் வெயில் தண்ணீர் போலத் தளும்பியது. மூன்று சுவர்கள் மிதந்தன. நான்காவது மட்டும் கொஞ்சம் ஆழத்தில் கிடந்தது, அவள் கண்ணுக்கு.

“அழகா இருக்கு. எல்லாம் ஒரே நீலந்தானே?” என்றாள் வீட்டுக்காரம்மா.

பெயிண்டர் வேகமாகத் தலையாட்டினார். அவளும் ஆட்டினால் நாற்காலி தப்பும். கழுத்து அசைய மறுத்தது.

“இல்லம்மா. இந்தச் சுவத்துல ஒரு சொட்டு கூடிப்போச்சு. பழைய அளவு தொலைஞ்சிருச்சு.”

வீட்டுக்காரம்மா சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது. இனிமே இது மட்டும்தான் கண்ணுல படும், போ!” சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “சரி, இருக்கட்டும். கட்டில இதப் பார்த்தாப்ல போட்டுக்கறேன். தூக்கம் நல்லா வரும்.”

பெயிண்டரின் போன் அடித்தது.

“ஒத்துக்கிட்டாங்க முதலாளி… இல்லங்க, ஒத்துப்போச்சுன்னு சொல்லல. ஒத்துக்கிட்டாங்க!”