அப்பாவின் எட்டு சிலிண்டர் லாரி

அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் இருந்த ஒரே சண்டை எஞ்சின் சண்டைதான். போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிப்போவது இருவருக்கும் தொழில். அப்பாவிடம் பழைய அமெரிக்க லாரி. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கிளப்பினால் தெருவே அதிரும். மாமாவிடம் நம்மூர் டீசல் லாரி. அப்பா எஞ்சினின் இழுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா, "இழுவை இருந்து என்ன மச்சான், போய்ச் சேரணும்ல" என்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு பள்ளி விடுமுறையில் இரண்டு வண்டியும் ஒரே அளவு மூட்டையோடு போடிமெட்டுக்குக் கிளம்பின. யார் முதலில் மேலே போவது என்று போட்டி. நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வளைவிலேயே பின்னால் வந்த மாமாவின் வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினோராவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி கண்ணாடியை மூடியது. வண்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு அப்பா யாருமில்லாத சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா வெகுநேரம் கழித்து உறுமிக்கொண்டு வந்து சேர்ந்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவரோ ஓடையில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தார். எஞ்சின் சூடு தணிந்தபின் ஊற்றினார். பிறகு அப்பா வண்டியிலிருந்து பாதி மூட்டையைத் தோளில் சுமந்து தன் வண்டிக்கு மாற்றினார்.

"நீங்க முன்னால போங்க மச்சான். நான் பின்னாடியே வர்றேன்."

மேலே டீக்கடையில் மற்ற டிரைவர்கள் விசாரித்தபோது மாமாவே முந்திக்கொண்டார். "மச்சான் வண்டிதான் மொதல்ல வந்துச்சு. அது முன்னாடி நம்மது எங்க நிக்கும்?"

இவ்வளவு பெரிய பொய்யை என்னால் பொறுக்க முடியவில்லை. "பாதி மூட்டைய மாமா வண்டிக்கு மாத்துன பெறகுதான வந்துச்சு?" என்றேன். கடையே சிரித்தது.

அப்பா டீயைப் பார்த்துக்கொண்டே, "புள்ள சொல்றது நெசந்தான்" என்றார். அவரை ஜெயிக்க வைத்த என்னை மாமா ஏன் முறைத்தார் என்று தெரியவில்லை.

அடுத்த மாதமே அப்பா டீசல் எஞ்சின் மாற்ற ஏற்பாடு செய்தார். "ரேடியேட்டர மட்டும் மாத்திப் பாப்போமே மச்சான்" என்று மாமா மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டார். அப்பா மசியவில்லை.

பட்டறையில் சங்கிலி போட்டு அந்தப் பெரிய எஞ்சினைத் தூக்கியபோது நானும் இருந்தேன். மாமா முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்தது அந்த வண்டியில்தான் என்று அம்மா சொல்லியிருந்தார். மாமா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"பெட்ரோல் நெடி கண்ணுல எரியுது ஆத்தா."

நான் அதை நம்பினேன். நல்ல காற்று பட்டால் சரியாகிவிடும் என்று அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.