பாறைக்கு அலைகல்

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை நிற்குமா உடையுமா என்று அப்பாவைத்தான் கேட்பார்கள். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்வதே அபூர்வம். பெய்துவிட்டாலோ யாருக்கும் தூக்கம் கிடையாது. நிற்காது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் அப்பா. பூசி மெழுகத் தெரியாத மனிதர்.

யுத்த காலம். எனக்கு ஏழு வயது இருக்கும். அருப்புக்கோட்டையில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஏறி, அப்புறம் ரயில், அப்புறம் மாட்டுவண்டி என்று மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனோம். திருவிழா பேருக்குத்தான். கைக்குழந்தையாக இருந்த எனக்கு அங்கே மொட்டை போடப் போன வருஷம், அண்ணன் வாந்திபேதியில் இறந்துபோனான். ஊருக்குத் தூக்கி வர வழியில்லை. கடலோரத்தில் ஒதுங்கிய பாறைமேடு ஒன்றில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவனைப் பார்க்கத்தான் வருஷந்தவறாத அந்தப் பயணம்.

அம்மா மேட்டில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கடல் உள்வாங்கியிருந்த நேரம். மேலே திடமாகத் தெரிந்த பாறை, அடியில் ஓர் ஆள் படுக்குமளவுக்குக் குடைந்து கிடந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஊர்வது எறும்பா? அலை வெறுங்கையோடும் வரவில்லை. மணலையும் கூழாங்கல்லையும் அள்ளிவந்து அதே இடத்தில் அடித்தது. சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு கல்தூண் தனியே நின்றது. அப்பா தூணையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணா இருந்ததுதான் தாயி. அடியில குடைஞ்சு ஓட்டை விழுந்து, மேல இருந்தது இடிஞ்சு போச்சு.”

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கல் சுமக்கத் தொடங்கினார். கண்மாய்க் கரையை அலை அரிக்காமல் உள்பக்கம் பதிக்கிற கல்லுக்கு அலைகல் என்று பேர். அதைப்போலவே பாறையின் குடைவை அடைத்து அடுக்கினார்: பெருங்கல் அடியில், சாய்வாக, சந்துகளில் சில்லுக்கல். சில்லு பொறுக்குவது என் வேலை. எனக்கு அது நல்ல விளையாட்டு.

மேலிருந்து அம்மா சத்தம் போட்டாள். “இதென்ன நம்ம கம்மாயா? சமுத்திரங்க! விட்டுட்டு வாங்க.”

அப்பா நிமிரவில்லை. அம்மா விடுவிடுவென்று இறங்கி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “தூக்கி விடுங்க” என்றாள்.

வெயில் தாழும்வரை சுமந்தோம்.

“நிக்குமாப்பா?” என்று கேட்டேன்.

“நிக்கும்.”

மறுவருஷம் போனபோது அங்கே ஒரு கல்கூட இல்லை. குடைவு இன்னும் ஆழமாகியிருந்தது. மேலே அண்ணனின் சிலுவைக்குப் பக்கத்தில் விரிசல் ஓடியிருந்தது. நம் கல்லை யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் அழுதேன். அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சினார். அம்மா அதற்குள் சும்மாடு சுருட்டியிருந்தாள். மறுபடியும் சில்லு பொறுக்கலாம் என்ற சந்தோஷத்தில் அழுகையை விட்டுவிட்டு ஓடினேன்.

அப்பா பொய் சொன்னது அந்த ஒரு கரைக்குத்தான். அது பொய் என்று அம்மாவுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.