ஸ்டால் காலியாக இருக்கக் கூடாது

நம் சங்கத்துச் செயலாளர் குழந்தைவேல் அண்ணன் இறந்த செய்தி எனக்கு நைரோபியில், கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து அவருடைய தம்பி மகன் பேசினான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்போமுங்க. தினேஷ்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லி அனுப்பி வெச்சிருங்க." தினேஷ் அண்ணனின் ஒரே மகன். எதிர் ஸ்டாலில் நின்று, போர்வெல் வண்டியில் பாறையைத் துளைக்கும் நம் ஊர் பிட்டை ஒரு தான்சானியாக்காரர் கையில் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தான்.

சங்கத்தின் அஞ்சலி மலருக்கு அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போனால் விமான டிக்கெட்டும் ஸ்டால் வாடகையும் அரசாங்கமே தரும் என்று அதிகாரிகள் வந்து சொன்ன அன்று, கல்யாண மண்டபத்தில் நாம் யாரும் வாய் திறக்கவில்லை. பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். அண்ணன்தான் எழுந்து, நம்மைக் கேட்காமலே எட்டுப் பேரை எழுதிக் கொடுத்தார். "லேத்துப் பட்டறையே ஒலகம்னு கெடந்தா அங்கயே துருப்புடிச்சுப் போவீங்க" என்றார். இன்று நம் பிட் ஆப்பிரிக்காவில் பாறை உடைக்கிறது என்றால் அது அவர் போட்ட வழி. அதை என்னாலும் மறுக்க முடியாது.

முதல் கண்காட்சி துபாயில். ஸ்டால் காலியாகக் கிடந்தால் அடுத்த முறை குழுவுக்கே உதவி கிடையாது என்பது விதி. "ஒண்ணுக்குப் போறதுன்னாலும் ஆளை நிறுத்தீட்டுப் போங்க" என்பார் அண்ணன். அங்கே வேலை செய்த ஒரே போன் அவரிடம் இருந்தது. மூன்றாம் நாள் மாலை, எல்லாம் முடிந்த பிறகு, என் தோளில் கை வைத்தார். "அம்மா போயிட்டாங்க சாமி. இப்பத்தான் போன் வந்துச்சு."

அம்மா இறந்தது முதல் நாள் காலையில் என்று ஊருக்கு வந்துதான் தெரிந்தது. இளைய மகன் நான் வைக்க வேண்டிய கொள்ளியை என் மூத்தவர் வைத்திருந்தார். அண்ணன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். "சொல்லியிருந்தா உன்ற ஆர்டர் போயிருக்கும். அம்மா திரும்பி வந்திருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அந்த ஆர்டர்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. அதனாலேயே அவரை இன்னும் வெறுத்தேன்.

நைரோபிக் குழுவுக்குத் தலைவன் நான். அன்று மதிய விமானத்தில் ஏறியிருந்தால் தினேஷ் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பான்; அதை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. விதியைச் சாக்குச் சொல்லலாம், பொய். அவன் ஸ்டாலில் நிற்க ஆள் இருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி அவனுடையதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மதியம் தன் தயிர் சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தான். "இந்த ஆர்டர் கெடச்சா அப்பாவைக் கையில புடிக்க முடியாதுங்க" என்றான். நன்றாகச் சாப்பிட்டேன்.

அண்ணனுக்குக் கொள்ளியை அவருடைய தம்பி மகன்தான் வைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தினேஷும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஸ்டாலுக்குத் திரை போட்ட பிறகு அவனிடம் சொன்னேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எப்பங்க போன் வந்துச்சு?" என்று கேட்டான்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்க வேண்டும் அல்லவா? அவன் தோளில் கை வைத்தேன். "இப்பத்தான் சாமி" என்றேன்.